போட்டி போட்டு இடம் வாங்கினா ஜெயிக்கிறது யாரு?

நம்ம பேட்ச்சில் ஆஃபர் லெட்டர் வந்தவர்கள் வீட்டில் இப்போது ஒரே பேச்சுதான். முதல் மாதச் சம்பளம் இன்னும் அக்கவுன்ட்டில் ஏறக்கூட இல்லை. அதற்குள் "ரெண்டு வருஷத்துல ஒரு இடத்தைப் பார்த்துப் போட்டுடு" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கூடவே ஒப்பீடு வேறு. சித்தி பையன் ஒரகடம் பக்கம் பிளாட் வாங்கிட்டானாம். எதிர்வீட்டு அக்கா பெங்களூரில் இருந்துகொண்டே செங்கல்பட்டில் ரெண்டு மனை பதிவு பண்ணிட்டாங்களாம். நீ எப்போ?

மண்ணில் பணம் போடுவது தப்பு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. இடம் வாங்கும் விஷயத்தில் நாம் எல்லோரும் போட்டியைத் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். கேட், ஜேஇஇ, பிளேஸ்மென்ட் என்று எல்லாமே போட்டிதான் நமக்கு. அங்கெல்லாம் முந்துகிறவனுக்குப் பரிசு கிடைக்கும். அதே பழக்கத்தோடு நிலச் சந்தைக்குள் போனால், முந்துகிறவன்தான் அதிக விலை கொடுக்கிறான். வாங்குகிற ரெண்டு பேர் மோதினால் லாபம் விற்கிறவருக்கு. இதை மட்டும் புரிந்துகொண்டால் முதலீட்டாளராக நாம் செய்ய வேண்டியதில் பாதி முடிந்தது.

வேனில் ஏற்றும் போட்டி

ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட் போயிருக்கீங்களா? போகாதவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் வீட்டு வாசலுக்கே வேன் வரும். வழியில் டிபன், திரும்பும்போது பிரியாணி. சைட்டில் பந்தல், ஸ்பீக்கர், கலர் கலராகக் கொடி. லே-அவுட் மேப்பில் பாதி கட்டங்களுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சிவப்பு என்றால் விற்றுவிட்டது என்று அர்த்தம். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். "சார், கார்னர் பிளாட் போயிடுச்சு. ஈஸ்ட் ஃபேஸிங் இன்னும் மூணுதான் இருக்கு. அடுத்த வாரம் சதுர அடிக்கு ரூபாய் 150 ஏறுது. டோக்கன் மட்டும் போட்டு வைங்க."

அந்த ஸ்டிக்கர் உண்மையா, பொய்யா என்று உங்களால் அங்கே கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் எல்லாப் புரமோட்டரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மண்ணைப் பற்றி, பத்திரத்தைப் பற்றி, தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்பதைப் பற்றி அங்கே அதிகம் பேச்சு ஓடாது. பேச்சு முழுக்க மற்றவர்களைப் பற்றித்தான். யார் வாங்கினார்கள், எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடும். போட்டிதான் அங்கே விற்கப்படும் முதல் சரக்கு. மனை ரெண்டாவதுதான்.

இதற்கு மாற்று மருந்து ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. ரெரா சட்டப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் புரமோட்டர் உங்களிடம் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. பெரிய லே-அவுட் எதையும் ரெரா பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்யவோ விற்கவோ கூடாது. "நாளைக்குள் 5 லட்சம் போட்டாதான் பிளாட் நிக்கும்" என்று யாராவது 20 லட்ச ரூபாய் மனைக்குச் சொன்னால், ஒப்பந்தத்தை முதலில் பதிவு பண்ணுங்க என்று கேளுங்கள். அவர் முகம் மாறுவதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இன்ஜினியர்கள் கண்டுபிடித்த சாபம்

இனி கொஞ்சம் தியரி. பயப்பட வேண்டாம், செமஸ்டருக்கு வராது.

1971-ல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்த கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று இன்ஜினியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை அரசாங்கம் ஏலம் விடும். பெரிய பெரிய கம்பெனிகள், நல்ல ஜியாலஜிஸ்ட்களை வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டு ஏலம் கேட்கும். ஆனாலும் ஏலத்தில் ஜெயித்தவர்களுக்கு எதிர்பார்த்த லாபம் வரவில்லை. ஏன் என்று இந்த மூன்று பேரும் யோசித்தார்கள். அவர்கள் சொன்ன காரணத்துக்கு இன்று 'வின்னர்ஸ் கர்ஸ்', அதாவது வென்றவனின் சாபம் என்று பெயர்.

நம்ம ஊர் மனையை வைத்தே பார்ப்போம். ஒரு பிளாட்டின் உண்மையான மதிப்பு 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஐந்து பேர் ஆளுக்கொரு கணக்குப் போடுகிறார்கள். 16, 18, 20, 22, 24 லட்சம். சராசரி சரியாக 20. அதாவது கூட்டமாகப் பார்த்தால் யாரும் முட்டாள் இல்லை. ஆனால் பிளாட் சராசரிக்குப் போகாது, அதிகமாகக் கேட்டவருக்குத்தான் போகும். 24 என்று நினைத்தவர், "கொஞ்சம் லாபம் வேணும்ல" என்று 10 சதவீதம் குறைத்து 21.6 லட்சத்துக்குக் கேட்டாலும், 1.6 லட்சம் நஷ்டத்தோடுதான் ஜெயிக்கிறார். எல்லோர் முன்னாலும் விலை ஏற்றிக் கேட்கும் ஏலமாக இருந்தால், 22 வரை எதிராளி விடமாட்டார். அதற்கு மேல் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அவர் திறமைசாலி என்பதால் ஜெயிக்கவில்லை. கணக்கில் அதிகம் தப்பியவர் என்பதால் ஜெயித்தார். போட்டியாளர்கள் ஐந்துக்குப் பதில் பதினைந்து பேர் ஆனால், அந்தக் கூட்டத்தில் ரொம்பவும் தப்பாக நினைக்கிற ஒருவர் இருக்க வாய்ப்பு இன்னும் அதிகம். அதனால்தான் அந்த இன்ஜினியர்கள் நம்ம உள்ளுணர்வுக்கு நேர் எதிரான அறிவுரை சொன்னார்கள்: போட்டியாளர்கள் கூடக் கூட, நீ கேட்கும் விலையைக் குறை. மற்றவர்களை விட உனக்குத் தகவல் குறைவு என்றால் இன்னும் குறை.

சைட் விசிட்டில் நாம் என்ன செய்கிறோம்? கூட்டத்தைப் பார்த்ததும் விலையை ஏற்றுகிறோம். அந்த மண்ணைப் பற்றி அங்கே நமக்குத்தான் தகவலும் குறைவு.

ஒரு விதிவிலக்கு சொல்லியாக வேண்டும். எண்ணெய்க் கிணறு யார் எடுத்தாலும் உள்ளே இருக்கிற எண்ணெய் ஒன்றுதான். குடியிருக்க வீடு வாங்குகிறவருக்கு அப்படி இல்லை. மகள் படிக்கும் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில் இருந்தால், அவருக்கு அந்த வீடு நிஜமாகவே உங்களை விட அதிகம் மதிப்புள்ளது. அவர் ரெண்டு லட்சம் அதிகம் கொடுப்பதில் சாபம் எதுவும் இல்லை. வாங்கி விற்பதற்காக மட்டும் வருகிற நமக்குத்தான் இந்தச் சாபம் முழுசாகப் பொருந்தும்.

அல்காரிதம் இருந்தும் தோற்ற கதை

"அதெல்லாம் 1971. இப்போ டேட்டா இருக்கு, மெஷின் லேர்னிங் இருக்கு" என்று சிஎஸ்இ நண்பர்கள் சொல்வார்கள். அவர்களுக்காக ஸில்லோ கதை.

அமெரிக்காவில் வீடு தேடுகிறவர்கள் முதலில் போகும் தளங்களில் ஸில்லோ ஒன்று. 2006-லிருந்தே ஒவ்வொரு வீட்டுக்கும் கம்ப்யூட்டர் கணித்த விலையைக் காட்டி வந்தது. இவ்வளவு டேட்டா இருக்கும்போது நாமே வாங்கி விற்றால் என்ன என்று 2018-ல் 'ஸில்லோ ஆஃபர்ஸ்' ஆரம்பித்தார்கள். அல்காரிதம் விலை சொல்லும், கம்பெனி வீட்டை வாங்கும், பெயின்ட் அடித்து விற்கும். ஓப்பன்டோர், ஆஃபர்பேட் என்று இதே வேலையைச் செய்யும் போட்டிக் கம்பெனிகளும் இருந்தன. 2021-ல் வீட்டு விலை எகிறியபோது ஸில்லோ வேகத்தைக் கூட்டியது. அந்த வருடம் மூன்றாவது காலாண்டில் மட்டும் 9,680 வீடுகள் வாங்கினார்கள். விற்றது 3,032.

நவம்பர் 2-ம் தேதி கடையை மூடுவதாக அறிவித்தார்கள். வாங்கிய விலைக்கு விற்க முடியாது என்று அந்தக் காலாண்டில் கணக்கில் தள்ளுபடி செய்தது 30.4 கோடி டாலர். ஊழியர்களில் சுமார் கால்வாசிப் பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அல்காரிதம் சராசரியாகச் சரியாகவே கணித்தது என்று வைத்துக்கொண்டாலும் நஷ்டம் வரும். எப்படி? ஒரு வீட்டுக்குக் குறைவாக விலை சொன்னால், வீட்டுக்காரர் "வேண்டாம்" என்று சொல்லி வேறு ஆளுக்கு விற்றுவிடுவார். அதிகமாகச் சொன்னால் உடனே கையெழுத்துப் போடுவார். தன் வீட்டுக் கூரை எங்கே ஒழுகுது என்று அவருக்குத் தெரியும், சர்வருக்குத் தெரியாது. ஆக, கம்பெனி கையில் வந்து சேர்வது பெரும்பாலும் தப்பாக அதிக விலை போட்ட வீடுகள்தான். அவ்வளவு பெரிய டீமுக்கே இந்தக் கதி. யூடியூப் வீடியோ நாலு பார்த்துவிட்டு வேனில் ஏறுகிற நம்ம கதி என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

20 லட்சம் மனை. கையில் 6 லட்சம், லோன் 14 லட்சம். வட்டி 9 சதவீதம், 15 வருடம் என்று வைத்தால் இஎம்ஐ சுமார் 14,200 ரூபாய். தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதாவது வாங்குகிற அன்றைக்கே 1.8 லட்சம் போய்விடுகிறது. ஐந்து வருடத்தில் கட்டிய வட்டி சுமார் 5.7 லட்சம். மொத்தச் செலவு 7.5 லட்சம். காலி மனைக்கு வாடகையும் வராது.

விலை வருடம் 6 சதவீதம் ஏறினால் ஐந்து வருடத்தில் அந்த மனை சுமார் 26.8 லட்சம். ஏற்றம் 6.8 லட்சம். அதாவது வருடா வருடம் ஒழுங்காக விலை ஏறியும், ஐந்து வருடம் கழித்து 70 ஆயிரம் ரூபாய் கைநட்டம். புரோக்கர் கமிஷனையும், அந்த 6 லட்சத்தை வேறு எங்காவது போட்டிருந்தால் வந்திருக்கக்கூடியதையும் நான் சேர்க்கவே இல்லை.

இப்போது அந்த மனையின் உண்மை மதிப்பு 18 லட்சம்தான், போட்டியில் 20 கொடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 6 சதவீதத்தில் அது 24.1 லட்சம் ஆகும். நஷ்டம் சுமார் 3.4 லட்சம். முதல் நாள் செய்த 2 லட்சம் பிழை, ஐந்து வருடத்தில் 2.7 லட்சமாக வளர்ந்து நிற்கிறது. ஜேஇஇ-யில் நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து கேள்வியை விட்ட நாம், இங்கே மட்டும் ஏன் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதத் துடிக்கிறோம்?

"எங்க மாமா வாங்கினாரே?"

இந்த இடத்தில் எல்லா வீட்டிலும் ஒரு மாமா வருவார். 1995-ல் 50 ஆயிரத்துக்கு வாங்கினார், இன்றைக்கு 20 லட்சம் போகும். நாற்பது மடங்கு! கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். முப்பது வருடத்தில் நாற்பது மடங்கு என்றால் வருடத்துக்கு சுமார் 13 சதவீதம். நல்ல வருமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் காதில் விழும்போது இருக்கிற அதிசயம் கணக்கில் இல்லை.

அதை விட முக்கியமானது, மாமா வாங்கியபோது அங்கே போட்டியே இல்லை. "அந்தக் காட்டுல போய் எதுக்கு?" என்று ஊரே சிரித்திருக்கும். பஸ் கிடையாது, தண்ணீர் கிடையாது. அவர் ஜெயித்தது யாரையும் முந்தி அல்ல, யாரும் ஓடாத இடத்தில் நின்றதால். நாம் அவர் கதையைக் கேட்டுவிட்டு, ஆயிரம் பேர் ஓடும் இடத்துக்குப் போகிறோம். அதே மாதிரி வாங்கி, பட்டா சிக்கலில் மாட்டியவர்களும் உண்டு. ஏரி உள்வாயில் மனை போட்டு, ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீரில் நிற்பவர்களும் உண்டு. கல்யாண வீட்டில் அவர்கள் கதை சொல்வதில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன நடந்தது என்று நமக்கு நினைவிருக்கும்.

"போட்டி இருக்கிற இடத்துலதான் டிமாண்ட் இருக்கும், நாளைக்கு விக்கணும்ல?" என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் டிமாண்டில் ரெண்டு வகை உண்டு. குடியிருக்க வருகிறவர்களின் டிமாண்ட், நம்மை மாதிரி விற்க வாங்குகிறவர்களின் டிமாண்ட். ரெண்டாவது வகை மட்டும் இருக்கிற இடத்தில், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்க வருகிறவரும் இன்னொரு சைட் விசிட் ஆள்தான். அவருக்கு அதே விலைக்குப் புரமோட்டரின் புது லே-அவுட்டில் தங்கக் காசும் பிரியாணியும் கிடைக்கும். உங்களிடம் ஏன் வருவார்?

இதைச் சோதிக்க சுலபமான வழி இருக்கிறது. அந்தப் பக்கம் பத்து வருடத்துக்கு முன்னால் போட்ட ஒரு லே-அவுட்டுக்குப் போங்கள். மொத்தம் எத்தனை மனை, அதில் எத்தனை வீடு என்று எண்ணுங்கள். 200 மனையில் 8 வீடு, மீதியெல்லாம் எல்லைக் கல்லும் சீமைக்கருவேலமும் என்றால், அங்கே இதுவரை நடந்தது வாங்குகிறவர்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டம். சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் எண்ணுவது இன்னும் சுலபம். எத்தனை விளக்கு எரிகிறது?

அப்போ போட்டியை எப்படிச் சமாளிப்பது?

முதலாவது, கூட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விலையை எழுதிவையுங்கள். வீட்டில் உட்கார்ந்து, மேலே போட்ட கணக்கைப் போட்டு, "இதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை" என்று ஒரு எண்ணை எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். சைட்டில் நின்றுகொண்டு முடிவெடுக்கிற எண் உங்களுடையது இல்லை, ஸ்பீக்கர் வைத்தவருடையது.

அந்த எண்ணுக்கு ஆதாரம் எங்கே? பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு கிரையத்துக்கும் கைமாற்றுத் தொகை என்று ஒரு கட்டம் இருக்கும். உங்கள் மனையின் சர்வே எண்ணுக்கு மட்டும் பார்க்காதீர்கள். சுற்றியிருக்கிற சர்வே எண்கள் எல்லாவற்றுக்கும் போட்டு, கடந்த மூன்று வருடத்தில் எது எவ்வளவுக்குப் பதிவாகியிருக்கிறது என்று ஒரு எக்ஸல் ஷீட் தயார் பண்ணுங்கள். சிலர் பத்திரத்தில் குறைத்துக் காட்டியிருப்பார்கள், அதனால் அதை அப்படியே நம்ப முடியாது. இருந்தாலும் புரோக்கர் வாயால் கேட்கும் விலையை விட அது நூறு மடங்கு மேல். மினி ப்ராஜெக்ட்டுக்கு நாம் செலவழித்த நேரத்தில் பாதி போதும்.

ரெண்டாவது, மற்றவர்கள் போட்டி போடாத விஷயத்தில் போட்டி போடுங்கள். விலையில் எல்லோரும் மோதுகிறார்கள். பத்திரம் படிப்பதில் யாரும் மோதுவதில்லை. மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா? பட்டா யார் பேரில்? புலப்பட அளவும் தரையில் இருக்கிற அளவும் ஒன்றுதானா? பவர் பத்திரத்தில் விற்கிறார்கள் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? டிடிசிபி, சிஎம்டிஏ அனுமதி எண் நிஜமா?

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. மற்றவர்களை முந்தி சல்லிசாக மடக்கியவர்கள் கையில் இருந்த மனை, ஒரே நாளில் விற்க முடியாத மனை ஆனது. அடுத்த வருடம் வரன்முறைத் திட்டம் வந்தபிறகும் கட்டணம், விண்ணப்பம் என்று அலைச்சல். பக்கத்திலேயே சதுர அடிக்கு கொஞ்சம் கூடக் கொடுத்து அங்கீகாரம் உள்ள மனை வாங்கியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

மூன்றாவது, பேப்பரில் வந்த செய்திக்குக் காசு கொடுக்காதீர்கள். 2022 ஆகஸ்டில் சென்னையின் ரெண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் என்று அறிவிப்பு வந்தது. "ஏர்போர்ட்டிலிருந்து 15 நிமிஷம்" என்பதை அதற்குப் பிறகு எத்தனை போர்டில் பார்த்திருப்போம்! எனக்கும் தெரிந்த, உங்களுக்கும் தெரிந்த, விற்கிறவருக்கும் தெரிந்த செய்தி ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது. அது நடக்காமல் போனாலோ, பத்து வருடம் தள்ளிப்போனாலோ அந்த ரிஸ்க் மட்டும்தான் உங்களுடையது. அங்கே ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்தை விட மாட்டோம் என்று வருடக்கணக்கில் போராடுகிறார்கள் என்பதையும் அந்த போர்டில் போட மாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியது. ஒரு கம்பெனியை மட்டும் நம்பி எழும் விலை எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு அது ஒரு பாடம்.

நான்காவது, பெரிய ஆட்களிடம் இல்லாதது நம்மிடம் இருக்கிறது. நேரமும் ஊரும். கோடிகளைத் திரட்டி வைத்திருக்கும் ஆள் அதைப் போட்டே ஆக வேண்டும். காசு சும்மா இருந்தால் அவருக்கு வட்டி ஓடும். நமக்கு 21 வயது. மூன்று வருடம் எதுவும் வாங்காமல் இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை, சித்தியைத் தவிர. உங்கள் சொந்த ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்தப் பள்ளிக்கூடத்தை நம்பி ஜனங்கள் குடிவருகிறார்கள், எந்த வீட்டில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்குத் தயாராக இருக்கிறார்கள் என்பதெல்லாம் உங்கள் அப்பாவுக்குத் தெரியும். எந்தச் செயலியிலும் அது கிடையாது. விளம்பரமே வராமல், ஊருக்குள் பேசி முடிகிற கிரையங்களில் கூட்டமும் இருக்காது, ஸ்பீக்கரும் இருக்காது.

ஏலம் போக நினைப்பவர்களுக்கு

வங்கிக் கடன் கட்டாதவர்களின் சொத்துகளை சர்ஃபாசி சட்டப்படி வங்கிகள் ஆன்லைனில் ஏலம் விடுகின்றன. "மார்க்கெட் ரேட்டை விட கம்மி மச்சி" என்று நம்ம ஆட்களுக்கே இதில் இப்போது ஆர்வம். வென்றவனின் சாபம் நேரடியாக வேலை செய்யும் இடம் இது. இருக்கிற நிலையில் எடுத்துக்கொள் என்பதுதான் நிபந்தனை. வீட்டுக்குள் ஆள் குடியிருக்கலாம், வழக்கு ஓடலாம், வரி பாக்கி இருக்கலாம். ஜெயித்தால் அன்றைக்கே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் 25 சதவீதம் கட்ட வேண்டும். விற்பனை உறுதியான 15 நாளில் மீதி 75 சதவீதம். இந்தக் கெடுவை வங்கி சம்மதித்தால் அதிகபட்சம் மூன்று மாதம் வரை நீட்டலாம். கட்ட முடியாமல் போனால்? கட்டிய 25 சதவீதத்தை வங்கி முழுசாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஸ்கிரீனில் "நீங்கள்தான் முன்னணியில்" என்று பச்சை எழுத்து வருவதைப் பார்த்து பட்டனை அழுத்தும் முன், லோன் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு அழுத்துங்கள்.

கடைசியாக ஒன்று

நம்ம பேட்ச்சில் நிறைய பேர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. முதல் நிலையான சம்பளமும் நம்முடையதுதான். அந்தச் சம்பளத்தின் மேல் 15 வருட இஎம்ஐ ஏறிவிட்டால், பிடிக்காத வேலையை விட முடியாது, மேல்படிப்புக்குப் போக முடியாது, கம்பெனி லே-ஆஃப் செய்தால் மூச்சுத் திணறும். தங்கச்சி காலேஜ் ஃபீஸும் அதே சம்பளத்தில்தான். மனை விலை ஏறுமா என்பதை விட, அதற்காக நாம் எதையெல்லாம் விடுகிறோம் என்பது பெரிய கேள்வி. பதிவு அலுவலக வாசலில் பத்திரத்தோடு நின்று எடுத்த ஃபோட்டோவை ஸ்டேட்டஸில் வைப்பவர்களைப் பார்த்து நமக்கும் கை பரபரக்கும். அந்த ஃபோட்டோவில் இஎம்ஐ தெரியாது.

அதனால் என் கருத்து இதுதான். வேலைக்குப் போன முதல் மூன்று வருடம் இந்த ஓட்டத்தில் சேராதீர்கள். அவசரத்துக்கு ஆறு மாதச் செலவைச் சேர்த்து வையுங்கள், காப்பீடு எடுங்கள். அந்த நேரத்தில் ஊருக்குப் போகும்போதெல்லாம் இடங்களைப் பாருங்கள், வில்லங்கச் சான்று படிக்கப் பழகுங்கள், எக்ஸல் ஷீட்டை நிரப்புங்கள். விலை பேசும் இடத்தில் எதிரே இன்னும் நாலு பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்தால், எழுதிவைத்த எண்ணைத் தாண்டாமல் நில்லுங்கள். "வேற ஆள் ரெடியா இருக்காங்க சார்" என்று புரோக்கர் சொன்னால், "சந்தோஷம்ணே, அவங்களுக்கே கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

நிஜமாகவே வேறு ஆள் இருந்தால், 24 லட்சம் என்று தப்பாகக் கணக்குப் போட்டவர் அவர். இல்லையென்றால் ராத்திரி எட்டு மணிக்கு உங்களுக்கு ஃபோன் வரும்.